வலமிருந்து படிக்க வேண்டிய முகவரி

2016 மார்ச் 19, சனிக்கிழமை. ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஒரு மடல் வந்தது. உங்கள் கடவுச்சொல்லைக் கொண்டு உக்ரைனிலிருந்து யாரோ உள்ளே நுழையப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்றது அது. கீழே ஒரு பொத்தான். பொத்தானுக்குப் பின்னால் ஒரு பிட்லி சுருக்க முகவரி. அது கொண்டுபோய்விட்ட இடம்: ‘மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே’.

பொடெஸ்டாவின் அலுவலகத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடவில்லை. பிரசாரக் குழுவின் கணினி உதவியாளரிடம் மடலை அனுப்பிக் கேட்டார்கள். அவர் ‘இது முறையான மடல், உடனே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்’ என்று பதில் போட்டார். ‘முறையற்ற’ என்று எழுத நினைத்துக் கை தவறிவிட்டது என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். அதே பதிலில் கூகுளின் உண்மையான முகவரியையும் கொடுத்திருந்தார். அழுத்தப்பட்டது என்னவோ பழைய மடலில் இருந்த பொத்தான்தான். அக்டோபரில் அந்தக் கணக்கின் மடல்களை விக்கிலீக்ஸ் வெளியிடத் தொடங்கியது. 2018-ல் ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த 12 பேர் மீது அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டது.

அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். அந்த முகவரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நம் கண் இடமிருந்து தொடங்குகிறது. மைஅக்கவுண்ட், கூகுள், காம் என்ற மூன்றும் கிடைத்ததுமே மனம் திருப்தியடைந்துவிடுகிறது. அதற்கப்பால் வருவதெல்லாம் ஏதோ கணினிக்கான சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம். கணினியோ அதே வரியை மறுகோடியிலிருந்து படிக்கிறது. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்த பெயர் முறைமைதான் இன்றும் இணையத்துக்கு முகவரி தேடித் தருகிறது. அதில் அதிகாரம் வலமிருந்து இடமாக இறங்குகிறது. முதலில் ‘டிகே’ யாருடையது என்ற கேள்வி. பிறகு, அந்த டிகேயின் கீழ் ‘காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்’ என்ற பெயரைப் பதிவு செய்தவர் யார் என்ற கேள்வி. அத்துடன் உரிமையாளர் யாரென்று முடிவாகிவிடும். அதற்கு இடப்பக்கம் என்ன எழுதுவது என்பது அந்த உரிமையாளரின் இஷ்டம். கூகுள் என்றும் எழுதலாம், குடியரசுத் தலைவர் மாளிகை என்றும் எழுதலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம், ஒரு பைசா செலவும் இல்லை.

அஞ்சல் துறையின் ஆர்.எம்.எஸ். அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவர் உறையின் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார். பின்கோடும் ஊரும் தெரிந்தால் போதும், பெறுநரின் பெயர் அவருக்கு வேண்டாம். பெயரை முதலில் படிப்பவர் வீட்டில் இருப்பவர். இணையத்தில் ஒரே உறையைக் கணினி கடிதம் பிரிப்பவராகவும் நாம் வீட்டுக்காரராகவும் படிக்கிறோம். ஏமாற்று வேலை நடப்பது இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் நடுவில்தான்.

டிகே என்பது டோக்கெலாவ் என்ற பசிபிக் தீவுக்கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட எழுத்துகள். சுமார் 1,500 பேர் வாழும் இடம். அந்த முடிவெழுத்தில் முகவரிகளை ஒரு நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாகவே வாரி வழங்கியது. உலகத்து மோசடிக்காரர்களெல்லாம் அந்தத் தீவின் பெயரில் குடியேறியதில் வியப்பில்லை.

வலமிருந்து படிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் போலிகள் உடனே வெளுத்துவிடும். போக்குவரத்து அபராதம் கட்டச் சொல்லி வரும் குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான தளம் ‘இசலான்.பரிவாகன்.கவ்.இன்’. உலவிய போலிகளில் ஒன்று ‘இசலான்.பரிவாகன்.இன்’. நடுவில் இருந்த ‘கவ்’ மட்டும் காணவில்லை. ‘கவ்.இன்’ அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைப்பது. வெறும் ‘இன்’ என்றால் சில நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கலாம். கண்ணுக்கு மூன்றெழுத்து விடுபட்ட அச்சுப்பிழை போலத் தெரிவது, கணினியைப் பொறுத்தவரை வேறொரு ஆளின் சொத்து.

ஆனால் இப்படிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் விஷயம் முடிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. எழுத்துகளே பொய் சொல்லும்போது எந்தப் பக்கமிருந்து படித்து என்ன?

2006-ல் ரச்னா தமிஜா, டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 22 பேரை உட்காரவைத்து 20 இணையதளங்களைக் காட்டினார்கள். எது அசல், எது போலி என்று சொல்ல வேண்டும். சோதனை என்று தெரிந்தே, சந்தேகப்பட வேண்டும் என்ற நினைப்போடுதான் அவர்கள் பார்த்தார்கள். அப்படியும் ஒரு போலி 22 பேரில் 20 பேரை ஏமாற்றியது. அது ‘பேங்க் ஆஃப் தி வெஸ்ட்’ வங்கியின் நகல். முகவரியில் ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பதிலாக இரண்டு ‘வி’க்களை ஒட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஓர் அசையும் கரடிப் படம் இருந்தது. இதையெல்லாம் போலி செய்வது கஷ்டம், ஆகவே இது அசல்தான் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் உண்டு. கரடியை மறுபடி பார்க்கவே பக்கத்தைத் திரும்ப ஏற்றியவர்களும் உண்டு. இணையப் பக்கத்தை நகலெடுப்பதைப் போல எளிதான காரியம் வேறில்லை. உங்கள் திரைக்கு வரும் ஒவ்வொரு படமும் எழுத்தும் ஏற்கெனவே ஒரு நகல்தான். கரடியும் அதில் அடக்கம். அந்த 22 பேரில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முகவரிப் பட்டையைப் பார்க்கவே இல்லை என்பதையும் ஆய்வு கண்டது.

இரண்டு ‘வி’யையாவது உற்றுப் பார்த்தால் பிடிக்கலாம். அடுத்த வகையை உற்றுப் பார்த்தும் பிடிக்க முடியாது.

கணினிக்கு எழுத்துகள் வடிவங்களாகத் தெரிவதில்லை, எண்களாகத் தெரிகின்றன. ஆங்கிலத்தின் சிறிய ‘ஏ’ யூனிகோட் குறியேற்றத்தில் 97. ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துவரிசையிலும் அச்சு அசலாக அதே உருவில் ஓர் எழுத்து இருக்கிறது. அதன் எண் 1072. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 2002-லேயே கப்ரிலோவிச், கோன்ட்மாகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஆபத்தை எழுதிவிட்டார்கள். வெறுமனே எச்சரிக்காமல், மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் இரண்டு எழுத்துகளை சிரிலிக் எழுத்துகளாக மாற்றி அந்த முகவரியைப் பதிவும் செய்து காட்டினார்கள்.

உலாவிகள் சும்மா இருக்கவில்லை. ஒரே பெயருக்குள் இரண்டு மொழி எழுத்துகள் கலந்திருந்தால் அதைச் சாதாரணமாகக் காட்டாமல், ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாகக் காட்ட ஆரம்பித்தன. பிற மொழி எழுத்துகளை இணையம் தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும் வடிவம் அது. 2017 ஏப்ரலில் ஷூடோங் ஜெங் என்ற மென்பொருளாளர் இந்த வேலியில் ஓர் ஓட்டையைக் காட்டினார். கலந்தால்தானே பிடிப்பீர்கள்? ஆப்பிள் என்ற சொல்லின் ஐந்து எழுத்துகளையுமே சிரிலிக்கில் எடுத்தார். காகசஸ் பகுதி மொழிகளில் வழங்கும் ‘பலோச்கா’ என்ற எழுத்து அச்சில் ஆங்கில ‘எல்’ போலவே இருப்பது அவருக்கு உதவியது. அவர் பதிவு செய்த முகவரியை அன்றைய குரோமில் திறந்தால் பட்டையில் ஆப்பிளின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. குரோம் 58-ஆம் பதிப்பில் அதை அடைத்தார்கள்.

இது ரஷ்ய எழுத்தோடு நிற்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். தமிழின் பழைய எண் வடிவங்களை நினைத்துப் பாருங்கள். தமிழ் இலக்கம் ஒன்று, ‘௧’. அதன் யூனிகோட் எண் 3047. ககர எழுத்து, ‘க’. அதன் எண் 2965. பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ‘ள’ என்ற எழுத்துக்கு 2995 என்றால், ‘கௌ’ என்று எழுதும்போது வலப்பக்கம் வரும் அதே உருவத்துக்குத் தனியாக 3031 என்று ஓர் எண் இருக்கிறது. ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துத் தட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழில் முடியும் முகவரிகள் பதிவுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழ் முகவரிகள் இன்னும் பரவலாகவில்லை. ஆகவே மோசடிக்காரர்களுக்கும் இங்கே வேலை இல்லை. நம் மொழியின் பின்னடைவு ஒரு விதத்தில் பாதுகாப்பாக இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

2023 அக்டோபரில் இந்த எழுத்து மோசடியின் தேர்ந்த வடிவம் ஒன்று சிக்கியது. கீபாஸ் என்பது கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் இலவச மென்பொருள். கூகுளில் அதன் பெயரைத் தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் காட்டப்பட்ட முகவரி அசல். அழுத்தினால் போய்ச் சேர்ந்த இடத்தில் ‘கே’ எழுத்தின் அடியில் தூசி ஒட்டியது போல ஒரு சிறு வளைவு. லாட்விய மொழியில் உள்ள எழுத்து அது. அங்கே கிடைத்தது தீநிரல் கலந்த கோப்பு. கடவுச்சொல்லைப் பத்திரப்படுத்த நினைத்தவரை, அதாவது சராசரிக்கு மேல் எச்சரிக்கையானவரைக் குறிவைத்த பொறி.

பூட்டுப் படத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் தளம் நம்பகமானது என்று வங்கிகளும் பத்திரிகைகளும் பல ஆண்டுகள் பாடம் நடத்தின. அது தவறான பாடம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடரா என்று அது கேட்பதில்லை. இப்போது அந்தச் சான்றிதழ் இலவசமாக, சில நொடிகளில், மனிதர் யாரும் பார்க்காமலே கிடைத்துவிடுகிறது. 2021-ல் கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டின் பொருளைச் சரியாகச் சொன்னவர்கள் 11 சதவீதம்தான். 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

போலித் தளங்களைப் பட்டியல் போட்டுத் தடுக்கலாமே என்று தோன்றும். தடுக்கிறார்கள். சிவப்புத் திரையோடு உலாவி காட்டும் எச்சரிக்கை அப்படி வருவதுதான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, ஒரு மோசடித் தளத்துக்கு முதல் ஆள் வருவதற்கும் கடைசி ஆள் வருவதற்கும் இடையே சராசரியாக 21 மணி நேரம். பாதுகாப்பு அமைப்புகள் அதைக் கண்டுபிடிக்கும்போது முதல் ஆள் வந்து சராசரியாக 9 மணி நேரம் கடந்திருக்கும். பட்டியலில் ஏறும் வேளையில் கடையைக் கட்டிக்கொண்டு அடுத்த முகவரிக்குப் போய்விடுவார்கள். பணம் போனவருக்கும் இதே கணக்குதான். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று காவல்துறை சொல்வது, பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதால்.

இத்தனை தந்திரங்களையும் விட எனக்கு எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு: அசல் நிறுவனங்களே போலிகளைப் போல நடந்துகொள்வது. 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்களைப் பறிகொடுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் விவரம் அறிய, தன் சொந்தத் தளத்தில் ஒரு பக்கம் திறப்பதை விட்டுவிட்டு ‘ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017’ என்று புதிதாக ஒரு முகவரியைப் பதிவு செய்தது. நிக் ஸ்வீட்டிங் என்ற மென்பொருளாளர் இதன் அபத்தத்தைக் காட்ட, சொற்களை இடம் மாற்றி ‘செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017’ என்று ஒரு நகல் தளம் அமைத்தார். யார் ஏமாந்தது தெரியுமா? ஈக்விஃபேக்ஸ்தான். அதன் அதிகாரப்பூர்வ ட்விட்டர் கணக்கு, வாடிக்கையாளர்களிடம் அந்த நகல் முகவரியைக் கொடுத்தது. ஒரு முறை அல்ல, பல முறை. முகவரியின் சொந்தக்காரருக்கே எது தன்னுடையது என்று தெரியாதபோது ஓய்வூதியம் வாங்கும் பெரியவரிடம் ‘கவனமாகப் பார்த்து அழுத்துங்கள்’ என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இந்தியாவில் இது இப்போதுதான் கொஞ்சம் ஒழுங்குக்கு வருகிறது. ‘காம்’, ‘கோ.இன்’, ‘இன்’ என்று வங்கிக்கு வங்கி வெவ்வேறாக முடிந்துகொண்டிருந்த முகவரிகளை எல்லாம் ‘பேங்க்.இன்’ என்ற ஒரே முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது ரிசர்வ் வங்கி. 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை, அக்டோபர் 31 கடைசி நாள். ஹைதராபாதில் உள்ள வங்கித் தொழில்நுட்ப நிறுவனமான ஐ.டி.ஆர்.பி.டி. மட்டுமே இந்த முகவரிகளைப் பதிவு செய்து தரும். வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும், முன்கூட்டி அனுமதி பெறாத இணைப்புகளைக் கொண்ட வணிகக் குறுஞ்செய்திகளை 2024 அக்டோபர் முதல் தடுக்கச் சொல்லியிருக்கிறது. வாட்ஸ்ஆப் இந்த வலைக்குள் வராது. பேங்க்.இன் நல்ல ஏற்பாடுதான், ஆனால் ‘பேங்க்.இன்-’ என்று ஒரு சிறுகோடு போட்டு, பின்னால் வேறெதையாவது ஒட்டிப் பெயர் பதிவதை யாரும் தடுக்கவில்லை. பொடெஸ்டாவை வீழ்த்தியதும் அப்படி ஒரு சிறுகோடுதான்.

சரி, யார்தான் முகவரியைச் சரியாகப் படிப்பது? 2022 ஜூலை 20 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்திகள் பறந்தன. அவற்றில் இருந்த போலி முகவரி, நாற்பது நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான் பதிவு செய்யப்பட்டிருந்தது. மூன்று ஊழியர்கள் நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். பாதுகாப்பே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தத் தளத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் கடவுச்சொல்லை உடனுக்குடன் அசல் தளத்தில் போட்டுப் பார்த்திருப்பார்கள். அசல் தளம் ஓ.டி.பி. கேட்டால், போலித் தளமும் ஓ.டி.பி. கேட்கும்; கொடுத்ததும் அதுவும் கைமாறும். ஓ.டி.பி. நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. அந்த ஆறு இலக்கங்கள் எந்தத் தளத்துக்காக வந்தவை என்பது அவற்றில் எழுதப்பட்டிருக்காது. யார் கேட்டாலும் செல்லும்.

கிளவுட்ஃபிளேரில் தாக்குதல் அத்துடன் நின்றுபோனது. காரணம், அங்கே ஓ.டி.பி. கிடையாது. ஊழியர்களிடம் இருந்தவை யூஎஸ்பி துளையில் செருகும் பாதுகாப்புச் சாவிகள். சாவிக்குள் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ரகசிய எண் இருக்கிறது, அது ஒருபோதும் வெளியே வராது. தளம் ஒரு புதிரை அனுப்பும். சாவி அதற்குக் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும். எந்த முகவரியிலிருந்து கேள்வி வந்தது என்பதை உலாவியே அந்தக் கையொப்பத்துக்குள் சேர்த்துவிடும். போலித் தளத்தில் வாங்கிய கையொப்பத்தை அசல் தளத்தில் காட்டினால் முகவரி ஒத்துப்போகாது. மனிதக் கண் இந்தச் சங்கிலியில் எங்கேயும் இல்லை. உங்கள் அலைபேசியில் இப்போது ‘பாஸ்கீ’ உருவாக்கவா என்று கேட்கிறதே, அது இதே சாவியின் யூஎஸ்பி இல்லாத வடிவம். சிரிலிக் ‘ஏ’யும் ஆங்கில ‘ஏ’யும் அதற்கு 1072-ம் 97-ம்தான், மயங்க வழியே இல்லை.

கடவுச்சொல் நிர்வாகி மென்பொருளும் இதே வேலையை அரைவாசி செய்கிறது. பதிந்த முகவரியோடு பொருந்தினால் மட்டுமே கடவுச்சொல்லைத் தானாக நிரப்பும், பொருந்தாவிட்டால் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வழுக்கல். களவுபோன கடவுச்சொற்களைப் பற்றி உலகையே எச்சரிக்கும் ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தை நடத்துபவர் ட்ராய் ஹன்ட். 2025 மார்ச்சில் லண்டனில், விமானப் பயணக் களைப்பில் இருந்த அவருக்கு, மெயில்சிம்ப் சேவையிலிருந்து வந்தது போல ஒரு மடல் வந்தது. திறந்த பக்கத்தில் நிர்வாகி கடவுச்சொல்லை நிரப்பவில்லை. அவரே எடுத்து நிரப்பினார், ஓ.டி.பி.யையும் கொடுத்தார். சில நிமிடங்களில் அவருடைய சுமார் 16,000 சந்தாதாரர்களின் முகவரிப் பட்டியல் போய்விட்டது. நடந்ததை அவரே உடனே வெளியிட்டார். நிர்வாகி மௌனமாக இருந்தது ஏன் உறைக்கவில்லை என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் முக்கியமானது: அசல் சேவைகளே ஒரு முகவரியில் கணக்குத் தொடங்கவைத்து, இன்னொரு முகவரியில் உள்நுழையச் சொல்வதால் தானாக நிரம்பாதது அன்றாட அனுபவமாகிவிட்டது. ஈக்விஃபேக்ஸ் செய்த அதே தவறு, வேறு வடிவில்.

முகவரியைக் கணினியே சரிபார்க்கத் தொடங்கியதும் மோசடிக்காரர்கள் முகவரியை விட்டே விலகிப்போகிறார்கள். திருமண அழைப்பிதழ், அபராதச் சீட்டு என்ற பெயர்களில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்புகளுக்கு முகவரியே கிடையாது. நிறுவினால் போதும், குறுஞ்செய்திகளைப் படிக்கும் உரிமையோடு அலைபேசியில் உட்கார்ந்துவிடும். 2024 முதல் பரவிவரும் ‘கிளிக்ஃபிக்ஸ்’ இன்னும் துணிச்சலானது. ‘நான் ரோபோ அல்ல’ என்று நிரூபிக்கச் சொல்லும் வழக்கமான பெட்டி தோன்றுகிறது. அழுத்தினால், விண்டோஸ் பொத்தானையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோலும் ‘வி’யும், பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்கிறது. பெட்டியை அழுத்திய கணத்திலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைக் கணினியின் ஒட்டுப்பலகையில் நகலெடுத்து வைத்திருக்கும். மூன்றாவது படியில் அதை ஓட்டுவது பயனரின் கை. உலாவியின் எந்தக் காவலும் அங்கே குறுக்கிட முடியாது, ஏனென்றால் கட்டளையிட்டவர் கணினியின் உரிமையாளர்.